‘க்’ இல்லாத கிளிங்கான்

‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளில் வரும் போர்வீர இனத்தை உலகம் முழுக்கக் கிளிங்கான் என்றுதான் சொல்கிறது. அந்தப் பெயரின் முதல் ஒலியான ‘க்’ கிளிங்கான் மொழியில் கிடையாது. அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் ஏறத்தாழ ‘த்லிஙன்’. அதன் முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. நாக்கின் நுனியை மேல்பல் வரிசைக்குப் பின்னால் ஒட்டவைத்து, மூச்சை நாக்கின் இரு ஓரங்கள் வழியாகச் சீறிக்கொண்டு போகவிட வேண்டும். மெக்சிகோவின் நாவாட்டல் மொழியிலும், அமெரிக்காவின் நவஹோ மொழியிலும் குழந்தைகள்கூடச் சிரமமில்லாமல் சொல்லும் ஒலி இது. சொல்லின் தொடக்கத்தில் ‘ட்ல்’ கேட்டுப் பழகாத ஆங்கிலக் காது இதை ‘க்ல்’ என்றே வாங்கிக்கொள்ளும். தொலைக்காட்சித் தொடரில் கிளிங்கான் என்ற பெயர் வந்தது 1967-ல். மொழி உருவானது 1984-ல். பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த மொழி, பழைய பெயரை மனிதர்களின் காதுக்குத் தப்பாகக் கேட்ட பெயராக ஆக்கிவிட்டது.

இதைச் செய்தவர் மார்க் ஒக்ராண்ட். கலிஃபோர்னியப் பழங்குடி மொழி ஒன்றின் இலக்கணத்தை ஆராய்ந்து பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்ற மொழியியலாளர். காது கேளாதோருக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுத்துவரி போடும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1982-ல் ஆஸ்கர் விழாவுக்கு நேரலை எழுத்துவரி போட லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தபோது, இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் வரும் வல்கன் மொழி வசனங்களுக்கு உதவி கேட்டார்கள். அதில் நடிகர்கள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் பேசி முடித்திருந்தார்கள். உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு ஒலிகளை மேலே பூசினால் போதும். மூன்றாவது படத்துக்குத்தான் முழு மொழி தேவைப்பட்டது.

அப்போது அவர் முன்னிருந்த சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேசப்போகிறவர்கள் வேற்றுக்கிரகவாசிகள், பேசும் வாயோ மனித நடிகருடையது. மனிதத் தொண்டையில் பிறக்காத ஒலி எதையும் பயன்படுத்த முடியாது. பிறக்கும் ஒலி எதுவானாலும் பூமியில் ஏதாவது ஒரு மொழியில் அது ஏற்கெனவே இருக்கும். இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. 1979-ல் வந்த முதல் படத்தின் தொடக்கத்தில் கிளிங்கான்கள் சில சொற்கள் பேசியிருந்தார்கள். ஸ்காட்டி பாத்திரத்தில் நடித்த ஜேம்ஸ் டூஹன் வாய்க்கு வந்தபடி அமைத்துக் கொடுத்த அசைகள் அவை. ஒக்ராண்ட் அவற்றைத் தள்ளிவிடாமல், அவற்றிலிருந்தே ஒலிகளையும் அசை அமைப்பையும் பிரித்தெடுத்தார். மீதிக்கு அவர் கண்ட வழிதான் கிளிங்கானை மொழியியல் மாணவர்கள் படிக்க வேண்டிய பொருளாக்குகிறது. ஒவ்வொரு ஒலியும் மனித ஒலியாகவே இருக்கட்டும். ஆனால் எந்த மனித மொழியும் சேர்த்து வைத்துக்கொள்ளாத கூட்டமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் படித்தவருக்குக் கையிலேயே கருவி இருக்கிறது. நம் வல்லினமும் மெல்லினமும் ஜோடி ஜோடியாக நிற்பவை. க்-ங், ச்-ஞ், ட்-ண், த்-ந், ப்-ம், ற்-ன். ஒவ்வொரு ஜோடிக்கும் வாயில் ஓரிடம். அடிநாக்கு அடியண்ணத்தைத் தொடுவதில் தொடங்கி உதடு வரை இவை எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியப் பிறப்பியல் வரிசையாகச் சொல்கிறது. இது இலக்கண ஆசிரியர்கள் அழகுக்காகப் போட்ட ஒழுங்கு அல்ல. உலக மொழிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. நாக்கை ஓரிடத்துக்குக் கொண்டுபோகப் பழகிவிட்டால், அதே இடத்தில் மூச்சை அடைத்து ஓர் ஒலி, மூக்கு வழி விட்டு ஓர் ஒலி, உரசவிட்டு ஓர் ஒலி என்று எடுத்துக்கொள்வது உடலுக்கு லாபம். ஓரிடத்தைக் கற்றுக்கொண்டு ஒரே ஒலியோடு விட்டுவிடுகிற மொழி, உழைப்பை வீணாக்குகிற மொழி.

கிளிங்கானின் 21 மெய்களை இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். உதட்டில் எல்லாம் ஒழுங்கு: ‘பல்’லின் ப், ‘கம்பு’வின் ப், ம் மூன்றும் உண்டு. அதற்கு உள்ளே போனதும் கோணல் தொடங்குகிறது. மேல்பல் வரிசைக்குப் பின்னால் அதிர்வில்லாத ‘ட்’ ஒன்று, ஆங்கிலச் சொல் ‘டீ’யில் வருவது போல. அதே இடத்தில் அதிர்வுள்ள ஜோடி கிடையாது. அந்த ஜோடி எங்கே போயிற்று? நாக்கை இன்னும் பின்னால் மடித்து, நம் ‘வண்டி’யில் கேட்கும் ட-வாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘வண்டி’யின் ட உண்டு, ‘பட்டு’வின் ட் இல்லை. ண் இல்லை, ள் இல்லை. நாமடி ஒலிகளில் ‘ட’வுக்குத் துணையாக ‘ஷ்’ மட்டும் இருக்கிறது. சாதாரண ‘ஸ்’ மொழியிலேயே இல்லை. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது என்பது நம் மரபு. கிளிங்கானில் சொல்லின் முதலிலேயே அந்த ட வந்து நிற்கும். ‘ங்’கும் அப்படியே முதலில் வரும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பள்ளம் அடியண்ணத்தில் இருக்கிறது. அங்கே ங் உண்டு. ‘எஃகு’வில் வரும் ஆய்தத்துக்கு நெருங்கிய உரசொலி உண்டு, அதற்கு அதிர்வுள்ள ஜோடியும் உண்டு. ‘க்’ மட்டும் இல்லை. உலக மொழிகளில் பத்துக்கு ஒன்பதில் இருக்கும் ஒலி அது. ‘க்’ இல்லாத மனித மொழிகளும் உண்டு, ஆனால் அவை இல்லாமல் இருக்கும் விதம் வேறு. பசிபிக் கடலின் தஹிதி மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூதாதை மொழியில் க், ங் இரண்டுமே இருந்தன. இரண்டும் தொண்டைக்குள் மூச்சை நிறுத்தும் ஒலியாக மாறிப் போயின. அடியண்ண வரிசையே காலியாயிற்று. மனித மொழி இழந்தாலும் வரிசையாக இழக்கிறது. கிளிங்கானோ வரிசையை வைத்துக்கொண்டு அதன் தலைவனை மட்டும் எடுத்துவிட்டது. அதற்குப் பதில் இன்னும் உள்ளே, உள்நாக்கருகில், அரபு மொழியின் ‘காஃப்’ போன்ற ஓர் அடைப்பொலியும், அதையே முரட்டுத்தனமாக உரசவிட்டு முடிக்கும் இன்னொன்றும் வைத்தார் ஒக்ராண்ட். இந்த அத்தியாயத்தில் நான் கிளிங்கான் சொற்களில் ‘க்’ என்று எழுதும் இடங்களில் அந்த உள்நாக்கு அடைப்பொலியையும், ‘ஃக்’ என்று எழுதும் இடங்களில் மேலே சொன்ன அதிர்வுள்ள உரசொலியையும் படிக்க வேண்டும்.

இப்படிக் கலைப்பதற்கு எது கலையாத நிலை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வெறும் கரகரப்பான ஒலிகளைக் கொட்டினால் யாரும் ஒரு ‘பயங்கர’ மொழி செய்துவிடலாம். திரைப்படங்களில் அப்படி நிறையக் கேட்டிருக்கிறோம். கிளிங்கான் அதைவிட ஆழமாக அந்நியமாக இருப்பதற்குக் காரணம் அதன் கரகரப்பு இல்லை, அந்தச் சீர்குலைவுதான் என்பது என் எண்ணம். கேட்பவருக்கு இந்த அட்டவணை எதுவும் தெரியாது. ஆனால் வாய் எதிர்பார்க்கும் ஒலி வராமல் போவதைச் சொல்லிப் பார்க்கும்போது வாய் உணர்ந்துவிடும்.

வாக்கிய அமைப்பிலும் அவர் இதையே செய்தார். ‘அம்மா குழந்தையைப் பார்க்கிறாள்’ என்பதில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று போகிறோம். ஆங்கிலத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். மூன்றையும் ஆறு விதமாக அடுக்கலாம். 1963-ல் ஜோசஃப் கிரீன்பெர்க் முப்பது மொழிகளை ஒப்பிட்டு 45 பொது இயல்புகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, எழுவாய் செயப்படுபொருளுக்கு முன்னால் வருவதே ஏறத்தாழ எல்லா மொழிகளிலும் வழக்கம் என்பது. செய்கிறவரை முதலில் நிறுத்தி, அப்புறம் படுகிறவரைச் சொல்லுகிற பழக்கம் மனிதருக்கு அவ்வளவு இயல்பாக இருக்கிறது. ஒக்ராண்ட் எடுத்துக்கொண்டது இதற்கு நேர் தலைகீழ். செயப்படுபொருள் முதலில், பயனிலை நடுவில், எழுவாய் கடைசியில்.

‘புக்’ என்றால் குழந்தை, ‘லெஃக்’ என்றால் பார்ப்பது, ‘ஷோஷ்’ என்றால் அம்மா. ‘புக் லெஃக் ஷோஷ்’ என்றால் அம்மா குழந்தையைப் பார்க்கிறாள். ‘ஷோஷ் லெஃக் புக்’ என்றால் குழந்தை அம்மாவைப் பார்க்கிறது. தமிழில் ஐ உருபு இருப்பதால் ‘குழந்தையை அம்மா பார்க்கிறாள்’ என்று மாற்றிப் போட்டாலும் பொருள் தப்பாது. கிளிங்கானில் செயப்படுபொருளுக்கு உருபு இல்லை, இடம்தான் எல்லாம். அதனால் தலைகீழ் வரிசையின் கனம் முழுவதும் கேட்பவர் மேல் இறங்குகிறது. யார் செய்தார் என்று தெரிய வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த வரிசை பூமியில் இல்லாததல்ல. பிரேசிலின் அமேசான் காட்டில் பேசப்படும் ஹிஷ்கரியானா மொழி இப்படி அமைந்தது என்று டெஸ்மண்ட் டெர்பிஷயர் 1977-ல் விளக்கி எழுதியபோது மொழியியலாளர்கள் வியந்தார்கள். அதுவரை இது நடக்காத வரிசை என்றே பலர் நினைத்திருந்தார்கள். பின்னால் 1,300-க்கும் மேற்பட்ட மொழிகளை வைத்து எடுத்த கணக்கில் இந்த வரிசை முதன்மையாக உள்ளவை 11 மட்டுமே. நம் வரிசைக்கு அதே கணக்கில் 560-க்கு மேல். ஒக்ராண்ட் நடக்க முடியாததைத் தேர்ந்தெடுக்கவில்லை. நடக்கக்கூடியவற்றில் மிக அரிதானவற்றுள் ஒன்றை எடுத்தார். நடிகர் கற்றுக்கொள்ளவும் வேண்டும் அல்லவா.

வினைச்சொல்லின் முன்னால் ஒட்டும் உருபுகள் 29. தமிழில் ‘பார்த்தேன்’ என்றால் பார்த்தவர் நான் என்று விகுதி சொல்லும். யாரைப் பார்த்தேன் என்பதைச் சொல்லாது. கிளிங்கானில் ஒரே உருபு இரண்டையும் சொல்லிவிடும். ‘கலெஃக்’ என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன். ‘முலெஃக்’ என்றால் அவன், அவள் அல்லது அது என்னைப் பார்க்கிறது. வட அமெரிக்காவின் மோஹாக் மொழியிலும் செய்பவரும் படுபவரும் இப்படி ஒரே முன்னொட்டில் கரைந்து கிடப்பார்கள். பழங்குடி மொழிகளில் ஊறிய ஒருவருக்குத்தான் இது கைக்கு எட்டிய தூரத்தில் இருந்திருக்கும்.

தமிழருக்கு மிகப் பழக்கமாகப் படப்போவது பெயர்ச்சொல். கிளிங்கானில் பன்மை விகுதி மூன்று. உடல் உறுப்புகளுக்கு ஒன்று. மொழி பேசவல்ல உயிர்களுக்கு ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. கப்பல் ‘டுஜ்’, கப்பல்கள் ‘டுஜ்மெய்’. குழந்தை ‘புக்’, குழந்தைகள் ‘புக்பு’. குழந்தைக்குத் தப்பாக ‘மெய்’ சேர்த்து ‘புக்மெய்’ என்றால் பிழையாகாது, பொருள்தான் மாறும்: அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் குழந்தைகள். ‘என்’ என்ற பொருள் தரும் விகுதியும் இரண்டு. பேசவல்லவர்க்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று. ஓர் ஆளுக்குப் பொருளின் விகுதியைப் போட்டால் இலக்கணம் தடுக்காது, ஆனால் கேட்பவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். ‘என் தலைவர்’ என்பதில் அப்படிப் போடுவது வாயால் சொல்லக்கூடாத அளவுக்குப் போகும். எதிரே நிற்பவரை ‘அது என்ன சொல்லுது?’ என்று அஃறிணையில் பேசினால் தமிழில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஒக்ராண்ட் தமிழிலிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. பெயர்களை இப்படிக் கூறுபோடும் மொழிகள் உலகில் பல. கோடு எங்கே விழுகிறது என்பதுதான் சுவையானது. தொல்காப்பியத்துக்கு மக்கள் உயர்திணை. நன்னூல் தேவரையும் நரகரையும் அதோடு சேர்த்தது. மனிதரல்லாதவரும் உள்ளே வர இடம் கிடைத்தது. பல கிரகங்களின் இனங்கள் கூடி வாழும் கதையுலகில் ‘மக்கள்’ என்ற கோடு பயன்படாது. வல்கனும் ரோமுலனும் எந்தப் பக்கம்? பேசத் தெரியுமா என்பதை அளவாக வைத்ததும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பண்பாட்டை மொழிக்குள் வைப்பது என்றால் இதுதான். வாளுக்கு நாற்பது பெயர் வைப்பது சுலபம். ஒவ்வொரு வாக்கியத்திலும் பேசுகிறவரே கவனிக்காமல் எடுக்கும் முடிவில் அந்த உலகத்தைப் பதித்து வைப்பது கடினம்.

காலங்காட்டும் விகுதி கிளிங்கானில் இல்லை. செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்பதுதான் கணக்கு. முடிந்தவற்றிலும் இரண்டு வகை: சும்மா முடிந்தது, எண்ணித் துணிந்து முடித்தது. இந்த இரண்டாவது வகையின் விகுதியான ‘தா’ ஒரு போர்வீரர் மொழிக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தோன்றும். அது வந்த கதை வேறு.

மூன்றாவது படத்தில் கிளிங்கான் தளபதி கோபத்தில் சொல்லும் ஒரு வரிக்கு முதலில் வைத்த பொருள், ‘எந்திரத்தை மட்டும் சுடு என்று சொன்னேனே’ என்ற போக்கில் இருந்தது. அதில் எந்திரத்துக்கான சொல் ‘ஜொன்தா’. ‘மட்டும்’ என்பதற்கு ‘நெஹ்’. படம் பிடித்த பிறகு, தளபதி கைதிகளை விரும்பினான் என்று எழுத்துவரியை மாற்ற முடிவாயிற்று. வாயசைவு அப்படியே இருக்க வேண்டும். ஒக்ராண்ட் உட்கார்ந்து அதே அசைகளை வேறு இடத்தில் வெட்டினார். ‘ஜொன்தா’வை ‘ஜொன்’, ‘தா’ என்று பிரித்து, ‘ஜொன்’ என்றால் பிடிப்பது, ‘தா’ என்றால் எண்ணி முடித்தது என்று வைத்தார். ‘நெஹ்’ இன்னொரு சொல்லாகவும் ஆகி, விரும்புவதைக் குறித்தது. முன்னால் வினையில் ஒட்டி முடிவைக் காட்டிய ‘பு’, இப்போது பெயரில் ஒட்டி, பேசவல்லவரின் பன்மையாயிற்று. கிளிங்கான் இலக்கணத்தில் இன்றுவரை ‘பு’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘நெஹ்’ மற்ற வினைகளைப் போல வாக்கியத்தை இணைப்பதில்லை. அது ஒரு விதிவிலக்கு. படத்தொகுப்பு மேசையில் எடுத்த ஒரு முடிவின் தழும்பு அது.

மனித மொழிகளிலும் விதிவிலக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன. பேசுகிறவர்கள் ஒரு சொல்லை முன்னோர் வெட்டாத இடத்தில் வெட்டுவார்கள், புது இடத்தில் பொருள் முளைக்கும். நூற்றாண்டுகள் செய்யும் வேலையை ஒரு படக்குழு சில நாட்களில் செய்யவைத்தது. முன்கூட்டியே திட்டமிட்ட பல செயற்கை மொழிகளில் இல்லாத உயிர்த்தன்மை கிளிங்கானில் இருப்பதற்கு இந்த விபத்துகளும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

‘இரு’ என்ற வினையை வேண்டுமென்றே விட்டிருந்தார் அவர். ‘நான் அதிகாரி’ என்று தமிழில் சொல்வது போல ஒரு பெயரையும் ‘நான்’ போன்ற மூவிடப்பெயரையும் பக்கத்தில் வைத்தாலே வாக்கியம் முடிந்துவிடும். 1991-ல் ஆறாவது படத்தில் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற தனிமொழியைக் கிளிங்கானில் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்தத் தனிமொழி தொடங்குவதே ‘இரு’ என்ற வினையில். ஒக்ராண்ட் முதலில் வாழ்வதைக் குறிக்கும் ‘யின்’ என்ற சொல்லைக் கொடுத்தார். நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அதன் ஓசையில் வலுப் போதவில்லை. அதன்பின் தொடர்ச்சியைக் காட்டும் ‘தஹ்’ என்ற விகுதியை உருவி எடுத்து, ‘தொடர்ந்து நிலைத்திரு’ என்ற பொருளில் தனி வினையாக்கினார்.

வரிசையைக் கலைக்கும் இந்த வழிக்கு எதிர்த்திசையில் போனவர் பால் ஃபிராமர். 2009-ல் வந்த ‘அவதார்’ படத்துக்கு அவர் செய்த நாவி மொழியில் ப், த், க் மூன்றும் உண்டு. மூன்றுக்கும் தொண்டையை அடைத்து வெடிக்கவிடும் ஜோடிகளும் உண்டு. அதிர்வுள்ள அடைப்பொலிகள் மூன்றுமே இல்லை. இருப்பதும் இல்லாததும் வரிசை வரிசையாக. வினையின் நடுவில் விகுதியைச் செருகுவது போன்ற அரிய இயல்புகள் அதில் நிறைய, ஆனாலும் அவை ஒன்றோடொன்று இணக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. கைக்கு நான்கே விரல் உள்ள இனம் என்பதால் எட்டின் அடிப்படையில் எண்ணுகிறார்கள். காட்டோடு ஒன்றி வாழும் இனத்துக்குச் சீரான மொழி, சண்டைக்கு நிற்கும் இனத்துக்குச் சீர்குலைந்த மொழி. ‘பாகுபலி’யில் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி செய்த கிளிக்கி இன்னொரு பாதை. ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ என்று எதிர்ப்பொருளை எதிரொலியாகத் திருப்பிப் போடும் விளையாட்டு அதன் அடிப்படையில் இருக்கிறது. நாக்கைச் சொடுக்கும் ஒலிகளும் உண்டு. சில நிமிடங்களில் ரசிகர் மனதில் பதிய வேண்டிய மொழிக்கு இந்த வெளிப்படையான ஒழுங்கு பொருத்தமானது.

ஒக்ராண்ட் முனைவர் பட்டத்துக்கு எடுத்த மொழியின் பெயர் முட்சுன். கலிஃபோர்னியாவில் சான் ஹுவான் பௌதிஸ்தாவைச் சுற்றிப் பேசப்பட்டது. அதைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி அசென்சியோன் சொலோர்சானோ 1930-ல் இறந்தார். அவரிடம் கேட்டு ஜான் ஹாரிங்டன் எழுதிக் குவித்த குறிப்புகளைக் கொண்டு, அந்த மொழியைப் பேசும் ஒருவரைக்கூடச் சந்திக்க முடியாத காலத்தில், ஒக்ராண்ட் அதன் இலக்கணத்தை மீட்டெடுத்தார். 1985-ல் அவர் வெளியிட்ட ‘கிளிங்கான் அகராதி’யும் அதே கையின் வேலை: ஒலி விளக்கம், விகுதி வகைகள், சொல்லடைவு என்று களப்பணி மொழியியலாளர் எழுதும் இலக்கண நூலின் அமைப்பு. பெயரோடு ஒட்டும் விகுதிகள் ஐந்து வகை. எது எதற்கு முன் என்பதில் தவறக்கூடாது. வினைக்கு ஒன்பது வகை.

அந்த நூலைப் படித்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். 1992-ல் கிளிங்கான் மொழிக் கழகம் அமெரிக்காவில் தொடங்கியது. ‘ஹாம்லெட்’ முழுவதும் 1996-ல் கிளிங்கானில் வந்தது. 2010-ல் ஹேக் நகரில் முழு நீள ஆப்பரா ஒன்று அரங்கேறியது. கணினி மொழியியலாளர் ஒருவர் தன் மகனோடு முதல் மூன்று ஆண்டுகள் கிளிங்கானிலேயே பேசிப் பார்த்தார். குழந்தை சில காலம் அதில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் புழங்கும் பொருட்களுக்குச் சொல் இல்லாதது அப்போது நன்றாகத் தெரிந்தது. விண்கலத்தின் ஆயுத அறைக்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

கழகத்தினர் தங்களுக்குள் ஓர் ஒழுக்கம் வைத்திருக்கிறார்கள். சொல் இல்லையென்றால் தாமே உண்டாக்குவதில்லை. இருப்பதை வைத்துச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள், அல்லது ஆண்டுக் கூட்டத்தின்போது ஒக்ராண்டிடம் தேவைப் பட்டியல் கொடுப்பார்கள். அவரும் உடனே சொல்லிவிடுவதில்லை. மூன்றாவது படத்தின் முடிவில் கைதியாகப் பிடிபட்ட மால்ட்ஸ் என்ற கிளிங்கான் பாத்திரம்தான் தன் தகவலாளி என்பது அவர் ஆரம்பத்திலிருந்தே கடைப்பிடித்துவரும் கதை. புதுச் சொல் கேட்டால் மால்ட்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சில சொற்களுக்கு மால்ட்ஸின் பதில் இருக்கும். சிலவற்றுக்கு, அவனுக்கும் தெரியவில்லை என்ற பதிலோடு வருவார்.